பிராம்ப்ட்டுக்குப் பின்னால் வந்த வரி

லாக் கோப்பில் எல்லாமே சரியாக இருந்தது. நிரலைப் பின்னணியில் தொடரச் சொன்ன கட்டளை இருந்தது. தொடர்வதாக டீபக்கர் சொன்ன பதில் இருந்தது. அதற்கடுத்து பிராம்ப்ட். அதற்கும் அடுத்து, இரண்டாவது பிரேக்பாயின்ட்டில் நிரல் நின்றுவிட்டது என்ற செய்தி, கோப்பின் பெயரும் வரி எண்ணுமாக. எதை எதிர்பார்த்து டெஸ்ட் எழுதப்பட்டதோ அது ஓரெழுத்தும் பிசகாமல் வந்திருந்தது. அதற்குக் கீழே டெஸ்ட்டின் தீர்ப்பு: ஃபெயில், டைம்அவுட்.

நிரலில் ஒன்றுமே மாறாமல் ஒருநாள் பாஸ், மறுநாள் ஃபெயில் என்று வரும் டெஸ்ட்டை ஃப்ளேக்கி டெஸ்ட் என்கிறோம். மென்பொருள் எழுதும் இடமெல்லாம் இது உண்டு. கூகிள் 2016இல் வெளியிட்ட கணக்கில், அங்கே நடக்கும் டெஸ்ட் ஓட்டங்களில் சுமார் 1.5 சதவீதம் இப்படி முன்னுக்குப் பின் முரணாக முடிந்தன. டெஸ்ட்களாக எண்ணினால் ஏறத்தாழ 16 சதவீதத்தில் ஓரளவாவது இந்தக் குணம் இருந்தது. 2014இல் இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அப்பாச்சியின் 51 திட்டங்களில் ஃப்ளேக்கி டெஸ்ட்களைத் திருத்திய 201 கமிட்களைச் சேகரித்தார்கள். விரிவாக ஆராய்ந்தவற்றில் சுமார் 45 சதவீதத்துக்குக் காரணம் ஒன்றே: ஒரு வேலையைத் தொடங்கிவிட்டு, அது முடிந்ததா என்று முறையாகக் காத்திராமல் அடுத்த அடி எடுத்து வைத்தது.

டீபக்கரைச் சோதிக்கும் டெஸ்ட்டில் இந்தத் தொல்லை ஒரு படி கூடுதல். ஓடிக்கொண்டிருக்கும் இன்னொரு நிரலை நினைத்த இடத்தில் நிறுத்தி, உள்ளே பார்த்து, மறுபடி ஓடவிடுவதுதான் டீபக்கரின் தொழில். அங்கே எப்போதும் மூன்று பேர் ஓடுகிறார்கள்: ஆராயப்படும் நிரல், அதைப் பிடித்திருக்கும் டீபக்கர், டீபக்கரைக் கேள்வி கேட்கும் டெஸ்ட். மூவருக்கும் பொதுவான கடிகாரம் இல்லை. யார் எப்போது ஓடலாம் என்பதைக் கெர்னல் தீர்மானிக்கிறது.

நான் வேலை செய்தது ஒரு சிப் நிறுவனத்தின் டூல்செயின் குழுவில். எங்கள் பிராசசருக்கு ஜிடிபி என்ற டீபக்கரைப் பொருத்துவது, ஜிடிபியின் புதிய வெளியீடு வரும்போதெல்லாம் எங்கள் மாற்றங்களை அதன்மேல் ஏற்றுவது, டெஸ்ட்சூட்டை ஓட்டி எது கெட்டிருக்கிறது என்று சொல்வது என் பொறுப்பு. ஜிடிபி 1986இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதத் தொடங்கியது. அதன் டெஸ்ட்சூட்டை ஒரு சாதாரண லினக்ஸ் கணினியில் முழுதாக ஓட்டினால் லட்சத்துக்கும் மேல் பாஸ் வரும். அந்த லட்சத்துக்கு நடுவே தினமும் இடம் மாறி மாறித் தலைகாட்டும் சில ஃபெயில்கள்தான் எங்கள் காலை நேரத்தைத் தின்றன.

மேலே சொன்ன டெஸ்ட் எங்கள் கிளையில் நாங்களே சேர்த்தது. டெஸ்ட்களைத் தானாக ஓட்டும் சிஐ கணினியில் அது அவ்வப்போது விழும். எங்கள் லேப்டாப்பில் ஒருநாளும் விழாது. குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த தம்பி ஒருவர் என் மேசைக்கு வந்து, “அக்கா, ரீ-ரன் குடுத்தேன், பாஸ் ஆயிடுச்சு. மெர்ஜ் பண்ணிடலாமா?” என்றார்.

“பாஸ் ஆனது எதனாலன்னு தெரியுமா தம்பி?”

“தெரியலக்கா.”

“அப்ப ரெண்டு லாகையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்ப்போம்.”

வைத்துப் பார்த்தோம். பாஸான ஓட்டத்தின் லாகும் ஃபெயிலான ஓட்டத்தின் லாகும், டெஸ்ட்டின் தீர்ப்பு வரி நீங்கலாக, ஒன்றுபோலவே இருந்தன. இந்த இடத்தில் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். எனக்கு இதுதான் முதல் துப்பு. வந்த எழுத்துகளில் வேறுபாடு இல்லையென்றால், அவை வந்து சேர்ந்த விதத்தில் வேறுபாடு இருக்க வேண்டும். லாக் எழுத்துகளைக் காட்டும். எந்தெந்த எழுத்துகள் ஒரே மூச்சில் வந்தன, எங்கே இடைவெளி விழுந்தது என்று காட்டாது.

ஜிடிபியின் டெஸ்ட்கள் டிசிஎல் மொழியில் எழுதப்படுகின்றன. அவற்றை ஓட்டுவது டெஜாக்னு. டெஜாக்னுவுக்கு அடியில் இருப்பது எக்ஸ்பெக்ட் என்ற பழைய, அருமையான கருவி. அமெரிக்காவின் நிஸ்ட் நிறுவனத்தில் டான் லிப்ஸ் 1990இல் உருவாக்கியது. ஒரு போலி டெர்மினலைத் திறந்து, மனிதர் தட்டுவதுபோலக் கட்டளையைத் தட்டி, வரும் பதிலைப் படித்து, கொடுத்த ரெஜெக்ஸோடு ஒப்பிடுவது அதன் வேலை. படிக்கும் ஒவ்வொரு தடவையும், அதுவரை பஃபரில் சேர்ந்திருப்பதை எல்லாப் பேட்டர்ன்களோடும் ஒப்பிடும். ஒன்று பொருந்தினால் அந்தப் பகுதி வரை பஃபரிலிருந்து எடுத்துக்கொள்ளும். எதுவும் பொருந்தாவிட்டால் மேலும் படிக்கக் காத்திருக்கும். டெஜாக்னு வேறு ஏதும் சொல்லாவிட்டால் 10 நொடி காத்திருந்துவிட்டு டைம்அவுட் என்று சொல்லிவிடும்.

தெருக்குழாயில் குடம் வைத்தவர் எப்போது திரும்பி வருகிறார் என்பதைப் பொறுத்துத்தான் குடத்தில் எவ்வளவு தண்ணீர் இருக்கும். எக்ஸ்பெக்ட்டின் பஃபரும் அப்படியே. கெர்னல் அதை உடனே எழுப்பினால் பஃபரில் பிராம்ப்ட் வரைதான் இருக்கும். தாமதமாக எழுப்பினால் பிராம்ப்ட்டும் அதற்குப் பிறகு வந்ததும் சேர்ந்தே இருக்கும்.

ஜிடிபியின் டெஸ்ட் எழுதுபவர்கள் அன்றாடம் கூப்பிடும் பொதுச் செயல்பாடு ஒன்று உண்டு. கட்டளையையும் எதிர்பார்க்கும் பதிலையும் கொடுத்தால் போதும்; பதிலின் கடைசியில் பிராம்ப்ட் வர வேண்டும் என்பதை அதுவே சேர்த்துக்கொள்ளும். பிராம்ப்ட்டுக்குப் பின்னால் $ குறியையும் போடும். பஃபர் அங்கே முடிய வேண்டும், அதற்குப் பின் ஓரெழுத்தும் இருக்கக் கூடாது என்று அதற்குப் பொருள். நல்ல காரணத்துக்காகத்தான் அப்படி வைத்தார்கள். டீபக்கர் பேசி முடித்துவிட்டது, இனி நம் முறை என்று உறுதி செய்துகொள்ளாமல் அடுத்த கட்டளையைத் தட்டினால், ஒரு கட்டளையின் பதில் இன்னொன்றின் கணக்கில் விழும்.

சாதாரணக் கட்டளைக்கு அது சரி. எங்கள் டெஸ்ட் நிரலைப் பின்னணியில் ஓடவிட்டது. தொடரும் கட்டளையின் பின்னால் & குறி போட்டால், ஜிடிபி உடனே பிராம்ப்ட்டைக் கொடுத்துவிடும்; நிரல் பாட்டுக்கு ஓடும்; பிரேக்பாயின்ட்டைத் தொட்டதும் அந்தச் செய்தி பிராம்ப்ட்டுக்குப் பின்னால் வந்து விழும். இங்கே பிராம்ப்ட் வந்தது, நீங்கள் தட்டலாம் என்பதற்கு மட்டும்தான் அடையாளம். நான் பேசி முடித்துவிட்டேன் என்று ஜிடிபி எங்கும் வாக்குக் கொடுக்கவில்லை. அந்த வாக்கை டெஸ்ட் தானாக நினைத்துக்கொண்டது.

லேப்டாப்பில் எக்ஸ்பெக்ட்டுக்கு எப்போதும் ஒரு கோர் சும்மா கிடைக்கும். பிராம்ப்ட் வந்த கணத்தில் எழுந்து, படித்து, ஒப்பிட்டு, பாஸ் போட்டுவிடும். சிஐ கணினியில் பல டெஸ்ட்கள் இணையாக ஓடுகின்றன. எக்ஸ்பெக்ட் எழுந்திருப்பதற்குள் நிரல் பிரேக்பாயின்ட்டைத் தொட்டு, ஜிடிபி அந்தச் செய்தியையும் எழுதிவிட்டிருக்கும். இரண்டும் ஒரே வாசிப்பில் உள்ளே வரும். பஃபர் பிராம்ப்ட்டோடு முடியவில்லை, பேட்டர்ன் பொருந்தாது. இனி வருவதற்கும் ஒன்றுமில்லை. கையில் பதிலை வைத்துக்கொண்டே 10 நொடி காத்திருந்து, வரவில்லை என்று சொல்லிவிடுகிறது.

டைம்அவுட்டை 60 ஆக்கிவிடலாம் என்று எங்கள் கூட்டத்தில் ஒருவர் சொன்னார். டைம்அவுட் என்ற சொல்லைக் கண்டதும் எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம் அது. இந்த டெஸ்ட்டுக்கு 60 நொடி கொடுத்தால் 60 நொடி கழித்து விழும். ஒரு மணி நேரம் கொடுத்தால் ஒரு மணி நேரம் கழித்து. நடுவே ஒரு ஸ்லீப் போடுவது அதைவிடக் கெடுதல். சும்மா இருக்கும் கணினியில் தேவையில்லாமல் நேரம் போகும், நெரிசலான கணினியில் அந்த நேரமும் போதாது. ரீ-ரன் செய்து பச்சை வந்ததும் மெர்ஜ் செய்வதை நான் எங்கள் குழுவில் அடியோடு நிறுத்தச் சொன்னேன். பழகிவிட்ட சிவப்பை யாரும் படிப்பதில்லை. உண்மையான பிழை ஒன்று அதே நிறத்தில் வரும்போதும் படிக்க மாட்டார்கள்.

எப்போதாவது விழும் டெஸ்ட்டைத் திருத்தினோம் என்று எப்படி நிரூபிப்பது? திருத்திய பின் சில தடவை ஓட்டிப் பாஸ் வந்தால் அது நிரூபணம் ஆகாது. திருத்துவதற்கு முன்பும் அப்படித்தானே வந்தது? முதலில் அதை எப்போதும் விழவைக்கத் தெரிய வேண்டும். எல்லாக் கோர்களிலும் சுமை ஏற்றி ஓட்டலாம். டாஸ்க்செட் கட்டளையால் எல்லோரையும் ஒரே கோரில் கட்டிப்போடலாம். இரண்டும் பயன்பட்டன. ஆனாலும் அடிக்கடி விழுந்தது என்றுதான் சொல்ல முடிந்தது, எப்போதும் விழுந்தது என்று சொல்ல முடியவில்லை.

ஜிடிபியின் டெஸ்ட்சூட்டிலேயே இதற்கென்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஜிடிபியில் கைவைக்கும் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியவை; தெரிந்தவர்கள் குறைவு. முதலாவது ரீட்1. எக்ஸ்பெக்ட்டுக்கு முன்பாக ஒரு சிறிய நூலகத்தை ஏற்றி, டெர்மினலிலிருந்து படிக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு எழுத்து மட்டும் கிடைக்கும்படி செய்துவிடுவார்கள். பாதிப் பதில் வந்த உடனேயே அவசரப்பட்டுப் பொருந்திவிடும் தளர்வான பேட்டர்ன்கள் இதில் தவறாமல் மாட்டும். தம்பி இதை ஓட்டிவிட்டு வந்தார். “ஒரு தடவகூட ஃபெயில் ஆகலக்கா” என்றார். முகத்தில் குழப்பம்.

குழப்பம் நியாயமானது. எழுத்து எழுத்தாகப் படித்தால், பிராம்ப்ட்டின் கடைசி இடைவெளி வந்து சேரும் அந்தக் கணத்தில் பஃபர் பிராம்ப்ட்டோடு முடிந்திருக்கும். $ குறி பொருந்திவிடும். எங்கள் டெஸ்ட்டில் இருந்த வகைப் பிழையை ரீட்1 வெளிக்கொண்டு வராது, மூடி மறைக்கும். இதற்கு நேர் எதிரானது ரீட்மோர். அது படிப்பதைச் சற்றுத் தாமதித்து, முடிந்தவரை அதிகமாகச் சேர்த்து ஒரே வாசிப்பில் கொடுக்கும். அதை வைத்து ஓட்டினோம். விழுந்தது. திரும்ப ஓட்டினோம். விழுந்தது. எத்தனை முறை ஓட்டினாலும் அதே இடத்தில், அதே வரியில் விழுந்தது. எங்கள் தொழிலில் இதைவிட நிம்மதி தரும் ஃபெயில் கிடையாது.

திருத்தம் சின்னது. பிராம்ப்ட்டுக்குப் பின்னால் $ குறியைச் சேர்க்காதே என்று அந்தப் பொதுச் செயல்பாட்டிடம் சொல்ல ஒரு தெரிவு ஏற்கெனவே இருக்கிறது. அதைக் கொடுத்தோம். இப்போது பேட்டர்ன் பிராம்ப்ட் வரை மட்டும் எடுத்துக்கொள்ளும். பின்னால் வந்த செய்தி பஃபரில் அப்படியே அடுத்த அடிக்குக் காத்திருக்கும். அடுத்த அடி அதைத் தேடி எடுத்து, பிரேக்பாயின்ட்டில் நின்றதைச் சரிபார்க்கும். $ குறியை எடுத்துவிட்டால் பேட்டர்ன் இறுக்கமாக இருந்தாக வேண்டும். நடுவில் ‘எதுவும் எத்தனையும்’ என்று தாராளமாக விட்டால், பின்னால் இன்னொரு பிராம்ப்ட் வந்திருக்கும் பட்சத்தில் நாம் தேடும் செய்தியையும் சேர்த்து விழுங்கிவிடும்.

ரீட்மோரில் ஓட்டினோம், அந்த வரி பாஸ். அதற்குக் கீழே இரண்டு த்ரெட்கள் வரும் பகுதி விழ ஆரம்பித்தது. இதுவரை மேல்வரியிலேயே நின்றுவிட்டதால் இந்தப் பகுதியின் குறை கண்ணில் படவில்லை.

அங்கே இரண்டு த்ரெட்களும் ஒரே பிரேக்பாயின்ட்டைத் தொடுகின்றன. டெஸ்ட் முதல் த்ரெட்டின் செய்தியை முதலிலும் இரண்டாவதன் செய்தியைப் பிறகும் எதிர்பார்த்தது. பிரேக்பாயின்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது எவ்வளவு ஆதாரமற்ற எதிர்பார்ப்பு என்று புரியும். எக்ஸ்86இல், நிறுத்த வேண்டிய இடத்தின் முதல் பைட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அங்கே ஒரே பைட் நீளமுள்ள பொறிக் கட்டளை ஒன்றை எழுதிவிடுகிறது ஜிடிபி. பிராசசர் அதைத் தொட்டதும் கெர்னல் அந்த த்ரெட்டை நிறுத்தி ஜிடிபிக்குத் தெரிவிக்கிறது. இரண்டு த்ரெட்கள் இரண்டு கோர்களில் ஓடும்போது எது முந்தும் என்று யாரும் சொல்ல முடியாது. போதாததற்கு, நிலுவையில் பல நிகழ்வுகள் இருந்தால், ஏதோ ஒரு த்ரெட் கவனிக்கப்படாமலே கிடந்துவிடக் கூடாது என்று ஜிடிபி வேண்டுமென்றே ரேண்டமாக ஒன்றை எடுக்கிறது. வரிசை இல்லாமல் இருப்பதே அங்கே வடிவமைப்பு.

இரண்டு பேட்டர்ன்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, எது வந்தாலும் எண்ணிக்கொள் என்று மாற்றினார் தம்பி. சரியான திசை. ஆனாலும் எக்ஸ்பெக்ட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. பஃபரில் எது முதலில் வந்திருக்கிறது என்று அது பார்ப்பதில்லை. பட்டியலில் எந்தப் பேட்டர்ன் மேலே இருக்கிறதோ அதைத்தான் முதலில் முயல்கிறது. பஃபரில் இரண்டாவது த்ரெட்டின் செய்தி முன்னாலும் முதலாவதன் செய்தி பின்னாலும் இருந்தால், மேலே எழுதிய பேட்டர்ன் பின்னால் இருப்பதைப் பிடித்து, அதுவரை உள்ள எல்லாவற்றையும் பஃபரிலிருந்து எடுத்துவிடும். முன்னால் இருந்த செய்தியும் அதோடு போய்விடும். பிறகு அதற்காக 10 நொடி காத்திருப்பு, மறுபடி டைம்அவுட். ஆகவே த்ரெட் எண்ணை மட்டும் பிடித்துக்கொள்ளும் ஒரே பேட்டர்னாக எழுதினோம். எது முன்னால் இருக்கிறதோ அது முதலில் பிடிபடும். இரண்டு எண்களும் வந்ததும் பாஸ். இப்படித் தொடர்ந்து படிக்கச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், வேறு விதமாகக் கேட்காவிட்டால், எக்ஸ்பெக்ட் டைம்அவுட்டை முதலிலிருந்து எண்ணத் தொடங்கும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும். சம்பந்தமில்லாத வரிகளையும் விழுங்கித் தொடரும் பேட்டர்ன் ஒன்று இருந்தால், அந்த வரிகள் வந்துகொண்டே இருக்கும்வரை டெஸ்ட் முடியவே முடியாது.

சோதிக்கப்படும் நிரலிலும் கொஞ்சம் வேலை இருந்தது. த்ரெட்கள் எல்லாம் எழுந்து நிற்பதற்காக ஸ்லீப் போட்டிருந்த இடத்தில் பேரியர் வைத்தோம். எல்லோரும் வந்து சேராமல் யாரும் தாண்ட முடியாது. ஜிடிபி டெஸ்ட்களில் வழக்கமாகச் செய்வதுபோல, நிரல் எங்கேயாவது மாட்டிக்கொண்டால் தானே செத்துப்போக ஒரு அலாரத்தையும் தொடக்கத்தில் வைத்தோம். பிறகு சாதாரணமாகவும், ரீட்1, ரீட்மோர் இரண்டிலும், சுமை ஏற்றியும் ஓட்டினோம். எல்லாவற்றிலும் பாஸ்.

இதுவரை சொன்னதில் குறை டெஸ்ட்டில் இருந்தது. எல்லா ஃப்ளேக்கி டெஸ்ட்டும் அப்படியில்லை, நான் மிகவும் கவலைப்படுவது இந்த இடத்தில்தான். எங்களிடம் இன்னொரு டெஸ்ட் இருந்தது. ஓடிக்கொண்டிருக்கும் புராசஸ் ஒன்றோடு ஜிடிபியை இணைத்து, உடனே விலக்கி, அந்த புராசஸ் முன்போலவே ஓடுகிறதா என்று பார்க்கும். அபூர்வமாக விழும். ‘தெரிந்த ஃப்ளேக்கி’ என்று பட்டியலில் போட்டு ஒதுக்கி வைத்திருந்தார்கள். விழுந்த ஓட்டம் ஒன்றை அப்படியே நிறுத்தி வைத்துப் பார்த்தபோது, ஜிடிபி விலகிய பிறகும் அந்த புராசஸ் நின்ற நிலையில் உறைந்திருந்தது.

லினக்ஸில் பழைய முறையில் ஒரு புராசஸோடு இணையும்போது கெர்னல் அதற்கு நிறுத்தும் சிக்னல் ஒன்றை அனுப்பும். அதே நேரத்தில் வேறொரு சிக்னல் வந்து சேர்ந்தால், டீபக்கருக்கு அந்த இன்னொன்று முதலில் தெரியலாம். இப்படி இணைய உதவும் பிட்ரேஸ் என்ற கெர்னல் அழைப்பின் கையேட்டுப் பக்கத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது. எங்கள் பிராசசருக்காக எழுதப்பட்டிருந்த பகுதி, முதலில் வருவது நிறுத்தும் சிக்னல்தான் என்று எடுத்துக்கொண்டது. டெஸ்ட் நிரலில் ஒரு டைமர் இருந்தது. அதன் சிக்னல் முந்திவிட்டால், நிறுத்தும் சிக்னல் நிலுவையில் கிடந்து, ஜிடிபி விலகிய பின் போய்ச் சேர்ந்து புராசஸை நிறுத்திவிடும். வாடிக்கையாளர் ஒருவர் தன் சர்வரில் ஓடும் சேவையோடு இணைந்து பார்த்துவிட்டு விலகியிருந்தால், அந்தச் சேவை அங்கேயே உறைந்திருக்கும். இதைக் கண்டுபிடிக்க ஜிடிபியின் உள்பதிவுகளை இயக்கியபோது பிழை மறைந்துகொண்டது. பதிவு எழுதும் நேரமே போதும் வரிசையை மாற்றிவிட. இப்படி ஆராயப் போனால் மறையும் பிழைக்கு வைத்த ஹைசன்பக் என்ற பெயரை ஜிம் கிரே 1985இல் எழுதிய கட்டுரையிலேயே காணலாம். கடைசியில் சிக்னல்கள் வந்த வரிசையை நினைவகத்தில் மட்டும் குறித்துவைத்து, முடிந்தபின் அச்சிட்டுத்தான் பிடித்தோம். டெஸ்ட் சரியாகவே இருந்தது. பல மாதம் உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது.

ஆகவே டெஸ்ட்டைத் தொடும் முன் ஒரு கேள்விக்கு விடை வேண்டும்: எந்த வரிசையை யார் நம்பியிருக்கிறார்கள், அந்த வரிசைக்கு உத்தரவாதம் கொடுத்தது யார்? நம்பியது டெஸ்ட் என்றால் டெஸ்ட்டைத் திருத்தலாம். நம்பியது டீபக்கர் என்றால், டெஸ்ட்டைத் தளர்த்துவது சாட்சியின் வாயைக் கட்டுவது.

நீங்கள் அடுத்து ஒரு ஃப்ளேக்கி டெஸ்ட்டைத் திருத்தினால், ‘ஃப்ளேக்கி டெஸ்ட் சரிசெய்யப்பட்டது’ என்ற ஒற்றை வரியோடு கமிட்டை முடித்துவிடாதீர்கள். எந்த வரிசையை அது நம்பியிருந்தது, எப்படி ஓட்டினால் பழைய வடிவம் ஒவ்வொரு முறையும் விழும், திருத்திய பின் அதே ஓட்டத்தில் என்ன வந்தது என்ற மூன்றையும் எழுதுங்கள். தம்பி எழுதிய கமிட் செய்தி இருபது வரியைத் தாண்டியது. திருத்தம் இரண்டே கோப்புகளில் சில வரிகள். அடுத்த வெளியீட்டை எங்கள் கிளையில் ஏற்றியபோது வேறொரு பின்னணி ஓட்ட டெஸ்ட் அதேபோல் விழுந்தது. அந்தச் செய்தியைப் படித்த இன்னொருவர், யாரையும் கேட்காமல், அன்று மதியமே அதைத் திருத்தி முடித்தார்.